மர்மக் கதையும் வெள்ளித் திரையும்

படக் கொட்டகையிலிருந்து வெளியே வரும் கூட்டத்தின் பேச்சைச் சற்றே செவிமடுத்தால், இரண்டு வழக்குகள் அங்கே நடைபெறுவதைக் கேட்கலாம். "நாவலில் இருந்ததுபோலப் படத்தில் இல்லையே!" என்பது முதல் வழக்கு. "முடிவைச் சொல்லிவிடாதே, நான் இன்னும் பார்க்கவில்லை!" என்பது இரண்டாம் வழக்கு. முன்னதை நாவலைப் படித்தவர் தொடுக்கிறார். பின்னதைப் படத்தைப் பாராதவர் தொடுக்கிறார். எந்தப் படத்தைக் குறித்தும் இவ்வழக்குகள் எழலாம் எனினும், துப்பறியும் நாவலையோ திகில் கதையையோ தழுவிய படம் வந்துவிட்டால் இரண்டும் ஒருங்கே சூடு பிடித்துவிடுகின்றன.

இதற்குக் காரணம் வெளிப்படையானது. மற்றைக் கதைகளில் முடிவு என்பது கதையின் ஓர் உறுப்பு. மர்மக் கதையிலோ முடிவே கதையின் உயிர் என்று பலரும் கருதுகின்றனர். அந்த உயிர் அச்சில் ஏறி, விலைக்கு விற்கப்பெற்று, பல்லாயிரவர் கையில் தவழ்ந்த பின்னர், அதே கதையைத் திரையில் காட்டி மக்களை மூச்சடக்கிப் பார்க்கச் செய்வது எவ்வாறு? ஊரறிந்த இரகசியத்தை மீண்டும் இரகசியமாக்குவது இயலுமா? இவ்வினாவுக்குத் திரைப்பட உலகம் கண்ட விடைகளின் வரலாறே இப்பேச்சின் பொருள். சில புகழ்பெற்ற படங்களின் பெயர்களை இங்கே சொல்லப் போகிறேன். ஆயின் குற்றவாளி இன்னார் என்று எங்கும் சொல்லப் போவதில்லை. அந்த இன்பத்தை மாணவ நேயர்களிடமிருந்து பறிப்பதற்கு எனக்கு உரிமை இல்லை.

முதலில் நூலின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். துப்பறியும் கதை என்னும் இலக்கிய வகைக்கு வயது அதிகமன்று. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரூ மார்க் தெருக் கொலைகள்' என்னும் சிறுகதையை அதன் தோற்றுவாயாகக் கொள்வர். 1868இல் வில்க்கி காலின்ஸ் எழுதிய 'சந்திரகாந்தக் கல்' என்னும் நாவல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1887இல் ஆர்தர் கானன் டாயில், ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன்பின் இவ்வகை நூல்கள் மழைக்காலத்துக் காளான்போல் பெருகின.

பெருகியவுடன் ஒரு முறைமையும் தோன்றிற்று. வாசகனை ஏமாற்றலாம், ஆனால் அநியாயமாக ஏமாற்றக் கூடாது என்பதே அது. ரொனால்ட் நாக்ஸ் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார், தாமும் துப்பறியும் கதை எழுதியவர், 1929இல் இவ்வகைக் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும். துப்பறிவாளர் கண்ட தடயங்களை வாசகரும் காண வேண்டும் என்பன போன்றவை அவ்விதிகள். அடுத்த ஆண்டு லண்டனில் துப்பறியும் கதை எழுதுவோரின் கழகம் ஒன்று தோன்றியது. புதிதாகச் சேரும் உறுப்பினர் முறைப்படி உறுதிமொழி கூறியே சேர வேண்டும். ஆக, புத்தக உலகில் எழுத்தாளனே வாசகனுக்குக் கட்டுப்பட்டான் என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். திரை உலகில் இந்த ஒப்பந்தம் எப்படித் தலைகீழாக மாறிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுச் சலனப் படம் காட்டினார்கள். அதற்குப்பின் ஐந்து ஆண்டு கழிவதற்குள் ஷெர்லக் ஹோம்ஸ் திரையில் தோன்றிவிட்டார். 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட அப்படம் ஏறத்தாழ அரை நிமிட நேரமே ஓடக்கூடியது. திருடன் ஒருவன் மாயமாக மறைவதும் வெளிப்படுவதுமாக இருக்க, ஹோம்ஸ் திகைத்து நிற்கிறார், அவ்வளவே கதை. அதில் துப்பும் இல்லை, துலக்கலும் இல்லை. ஆயினும் ஓர் உண்மை அப்போதே தெரிந்துவிட்டது. ஹோம்ஸின் பெருமை அவருடைய சிந்தனையில் இருந்தது. சிந்தனையைப் படம் பிடிக்கக் காமிராவால் இயலவில்லை.

இதுவே அடிப்படையான இடர்ப்பாடு. நாவலாசிரியன் தான் விரும்பியதை மட்டும் சொல்லலாம். "அறைக்குள் ஒருவர் நுழைந்தார்" என்று எழுதிவிட்டு, அவர் ஆணா, பெண்ணா, கிழவரா, இளைஞரா என்பதை மறைத்து வைக்கலாம். காமிராவோ கண்ணுக்குப் பட்டதையெல்லாம் காட்டிவிடும். அறைக்குள் நுழைபவருக்கு முகம் உண்டு, உடை உண்டு, நடை உண்டு. சொல்லுக்கு எளிதான மறைவு ஒளிக்கு அரிதாகிவிடுகிறது. ஆகவே மர்ம நாவலைத் திரைக்குக் கொண்டுவருபவர் அதை அப்படியே பெயர்த்தெழுத முடியாது. மறைக்கும் வழியைப் புதிதாகக் கண்டுபிடித்தே ஆகவேண்டும்.

"நாவலில் இருந்ததுபோல் இல்லையே" என்னும் முதல் வழக்கை இப்போது எடுத்துக்கொள்வோம். டாஷியல் ஹாம்மெட் எழுதிய 'மால்ட்டாப் பருந்து' என்னும் நாவல் 1930இல் புத்தகமாக வெளிவந்தது. ஹாலிவுட்டில் வார்னர் சகோதரர்கள் நிறுவனம் அதைப் பத்தாண்டுக் காலத்தில் மும்முறை படமாக்கியது. 1931இல் வந்த முதற்படம் காலப்போக்கில் மங்கியது. 1936இல் வந்த இரண்டாம் படம் கதையை வேடிக்கைக் கதையாக மாற்றிப் பருந்துச் சிலையைக் கொம்பு வாத்தியமாகவும் ஆக்கிவிட்டது. அதை மக்கள் மறந்துவிட்டனர். 1941இல் ஜான் ஹ்யூஸ்டன் என்னும் இளைஞர் தம் முதல் படமாக அதே நாவலை மீண்டும் எடுத்தார். நாவலின் நிகழ்ச்சி வரிசையையும் உரையாடலையும் பெரும்பாலும் அப்படியே காத்து, வேகத்தையும் நடிப்பையும் மட்டும் தம் பொறுப்பாக ஏற்றார். ஹம்ஃப்ரி போகார்ட் துப்பறிவாளராக நடித்த அப்படமே நிலைபெற்றது. இங்கே நாவலிடம் காட்டிய விசுவாசம் வென்றது.

ஆனால் இதை விதியாகக் கொள்ள இயலுமா? அடுத்த எடுத்துக்காட்டு நம்மைச் சிறிது தயங்க வைக்கும். ரேமண்ட் சாண்ட்லர் 1939இல் எழுதிய 'பெருந்துயில்' என்னும் நாவலை ஹோவர்ட் ஹாக்ஸ் என்னும் டைரக்டர் படமாக்கினார். அது 1946இல் வெளிவந்தது. படப்பிடிப்பின்போது ஹாக்ஸுக்கும் போகார்ட்டுக்கும் ஒரு விவாதம் எழுந்தது. கதையில் இறந்துபோகும் ஒருவன் கொலையுண்டானா, தற்கொலை செய்துகொண்டானா என்பது தெளிவாகவில்லை. நூலாசிரியருக்கே தந்தி அடித்துக் கேட்டார்கள். தமக்கும் அது தெரியவில்லை என்று சாண்ட்லர் தம் கடிதமொன்றில் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். எழுதியவரே அறியாத மர்மம்! ஆயினும் படம் வெற்றி பெற்றது. பார்த்தவர்கள் முடிச்சு அவிழ்வதைக் காட்டிலும், அதை அவிழ்க்கச் செல்லும் மனிதனின் பேச்சையும் துணிவையும் சுற்றியிருந்த இருட்டையும் சுவைத்தார்கள். முடிவே மர்மக் கதையின் உயிர் என்னும் எண்ணத்தில் முதல் விரிசல் இங்கே தெரிகிறது.

படம் நாவலை விட்டு விலகுவதற்குக் கலை மட்டுமே காரணமன்று, சட்டமும் காரணமாகும். டாஃப்னி டு மோரியேர் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1938இல் வெளியிட்ட 'ரெபெக்கா' பெரும் புகழ் பெற்ற நாவல். அதைப் படமாக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் அமெரிக்காவுக்கு வந்திருந்த ஆல்பிரட் ஹிட்ச்காக்கிடம் ஒப்படைத்தார். ஹிட்ச்காக் தம் விருப்பப்படி கதையை மாற்றி எழுதிக் காட்டியபோது, செல்ஸ்னிக் கடுமையாக மறுத்தார். மக்கள் விரும்பிப் படித்த நாவலை அவர்கள் படித்தவாறே தர வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வளவு உறுதியாக நின்ற செல்ஸ்னிக்கே ஓரிடத்தில் வளைய நேர்ந்தது. அக்காலத்து ஹாலிவுட்டில் 1934 முதல் கண்டிப்பாக அமல் செய்யப்பட்ட ஒழுக்க விதித் தொகுப்பு ஒன்று இருந்தது. கொலை செய்தவன் தண்டனையின்றித் தப்புவதை அவ்விதிகள் ஒப்பவில்லை. ஆதலால், நாவலில் மனமறிந்து நிகழ்ந்த ஒரு செயல் படத்தில் எதிர்பாராத விபத்தாக மாற்றப்பட்டது. நாவலின் அறச் சிக்கல் முழுவதும் அந்த ஒரு செயலைப் பொறுத்தது. அது மாறியதும் கதாநாயகனுடைய மனச்சுமையும் இலேசாகிவிட்டது. நாவலைப் படித்த இரசிகர் இதைக் குறை கூறினால் அது நியாயமான குறையே.

ஆயினும் அதே படத்தில் ஹிட்ச்காக் செய்த மற்றொன்றையும் அவர் சொல்லியாக வேண்டும். ரெபெக்கா என்பவள் கதை தொடங்கும் முன்னரே இறந்துபோன பெண். இறந்தவளின் நினைவு ஒரு மாளிகை முழுவதையும் ஆள்கிறது. மற்றொரு டைரக்டராயின் பழைய நிகழ்ச்சிகளைக் காட்டும் சாக்கில் ஓர் அழகிய நடிகையை ரெபெக்காவாக நடிக்க வைத்திருப்பார். ஹிட்ச்காக் படம் முழுவதும் அவளை ஒருமுறைகூடக் காட்டவில்லை. கணவன் அவளுடைய இறுதி இரவைக் கூறும்பொழுது, அவள் எழுந்து நடந்த வழியே வெறும் காமிரா மட்டும் நகர்கிறது. காலியான இடத்தில் அவள் நடமாடுவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. நாவலாசிரியர் சொல்லால் செய்த மாயத்தை, சொல்லின் துணையின்றிச் செய்த இடம் அது. 1940ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்குரிய ஆஸ்கார் பரிசு ரெபெக்காவுக்குக் கிடைத்தது. ஆகவே, நாவலோடு ஒத்திருக்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது. மாற்றம் எதற்காகச் செய்யப்பட்டது, அதனால் கதை இழந்தது என்ன, பெற்றது என்ன என்று கேட்பதே முதல் வழக்கை முறையாக விசாரிக்கும் வழி.

இனி இரண்டாம் வழக்குக்கு வருவோம். முடிவைச் சொல்லாதே என்னும் வேண்டுகோள் பேசும்படக் காலத்துக்கும் முந்தியது. மேரி ராபர்ட்ஸ் ரைன்ஹார்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் 1908ஆம் ஆண்டு நாவல் ஒன்று, 1920இல் 'வௌவால்' என்னும் பெயரில் நாடகமாயிற்று, 1926இல் ஊமைப்படமாயிற்று. அப்படத்தின் தொடக்கத்திலேயே, வௌவால் வேடம் தரித்த குற்றவாளி யாரென்பதை வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்ப்பவரைக் கேட்டுக்கொள்ளும் வாசகம் காட்டப்பட்டது. இங்கேதான் ஒப்பந்தம் தலைகீழாகிறது. புத்தகத்தில் எழுத்தாளன் வாசகனுக்கு உறுதி கூறினான். திரையிலோ பார்ப்பவனிடம் உறுதி கேட்கப்படுகிறது. இரகசியத்தைக் காக்கும் பொறுப்பு இரசிகன் தலையில் ஏறிவிட்டது.

இவ்வழக்கம் பின்னும் வளர்ந்தது. 1952இல் பிரெஞ்சு எழுத்தாளர்களான பியேர் புவாலோ, தாமஸ் நார்ஸ்ழாக் இருவரும் இணைந்து எழுதிய நாவலொன்றைத் தழுவி, ஆன்ரி-ழார்ழ் க்ளூஸோ 1955இல் 'லே தியாபோலிக்' என்னும் படத்தை எடுத்தார். படம் முடிந்தவுடன், பார்த்ததை நண்பர்களிடம் சொல்லி அவர்கள் சுவையைக் கெடுக்க வேண்டாம் என்னும் வேண்டுகோள் திரையில் தோன்றியது. 1957இல் அகாதா கிறிஸ்டியின் 'அரசுத் தரப்புச் சாட்சி'யைப் பில்லி வைல்டர் படமாக்கியபோது, இறுதியில் ஒரு குரல் அதே வேண்டுகோளை விடுத்தது.

கிறிஸ்டி அம்மையாரோ இரகசியத்தைக் காப்பதற்கு இரு வேறு வழிகளைக் கண்டார். 1939இல் வெளியான தம் நாவல் ஒன்றில், ஒரு தீவில் சிக்கிய பத்துப் பேரின் கதையை அவர் எழுதியிருந்தார். 1943இல் அதைத் தாமே நாடகமாக்கியபோது முடிவையே மாற்றிவிட்டார். 1945இல் ரெனே க்ளேர் எடுத்த படம் நாவலை விட்டு நாடகத்தின் முடிவையே பின்பற்றியது. நாவலைப் படித்துவிட்டு, "எனக்குத்தான் முடிவு தெரியுமே" என்று வந்து அமர்ந்தவர் ஏமாந்தார். மற்றொரு வழி இதனினும் விந்தையானது. அவருடைய 'எலிப்பொறி' நாடகம் 1952இல் லண்டனில் அரங்கேறியது. அங்கே அந்நாடகம் நின்று ஆறு மாதம் கழியும்வரை அதைப் படமாக்கலாகாது என்பது ஒப்பந்தம். நாடகமோ நிற்கவில்லை. 2020இல் பெருந்தொற்றின் காரணமாகக் கொட்டகைகள் மூடப்பட்டபோது இடையில் தடைப்பட்டு, 2021இல் மீண்டும் தொடங்கியது. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் இரகசியத்தை வெளியிட வேண்டாம் என்று பார்ப்பவரைக் கேட்டுக்கொள்வது அந்நாடகத்தின் மரபாகிவிட்டது. எழுபது ஆண்டுகளாக ஒரு நகரத்துக்கு வந்துபோன மக்கள் ஒரு வாக்கைக் காத்துவருகிறார்கள் என்றால், அது இரசிகர்களின் பண்புக்கு ஒரு சான்று அன்றோ?

வேண்டுகோளாக இருந்ததைக் கட்டளையாக்கியவர் ஹிட்ச்காக். ராபர்ட் பிளாக் என்பவர் 1959இல் எழுதிய 'சைக்கோ' என்னும் நாவலை அவர் பத்தாயிரம் டாலருக்கும் குறைந்த தொகைக்கு, தம் பெயரை வெளிக்காட்டாமல் உரிமை பெற்றார். தம் தொலைக்காட்சித் தொடரில் பணியாற்றிய தொழிலாளர்களைக் கொண்டு, சுமார் எட்டு இலட்சம் டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் படத்தை முடித்தார். அக்கால அமெரிக்கக் கொட்டகைகளில் படம் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். மக்கள் நினைத்த நேரத்தில் நுழைந்து, பாராத முற்பகுதியை அடுத்த காட்சியில் பார்த்துக்கொண்டு போவது வழக்கம். ஹிட்ச்காக் அதை ஒப்பவில்லை. 1960இல் படம் வெளியானபோது, காட்சி தொடங்கியபின் எவரையும் உள்ளே விடலாகாது என்று கண்டிப்புச் செய்தார். கொட்டகை மானேஜரின் தம்பியாயினும், அமெரிக்க ஜனாதிபதியாயினும், இங்கிலாந்து அரசியாராயினும் விதிவிலக்கு இல்லை என்று விளம்பரத்திலேயே வேடிக்கையாக எழுதினார். பத்திரிகை விமர்சகர்களுக்கும் முன்கூட்டியே படம் காட்டப்படவில்லை. அவர்களும் பொதுமக்களோடு வரிசையில் வந்தே பார்த்தனர்.

இதன் விளைவு கருதத்தக்கது. அறிவாளி என்றும் பாமரன் என்றும் வேறுபாடின்றி எல்லாரும் ஒரே நேரத்தில், ஒன்றும் அறியாதவர்களாய், ஒரே அதிர்ச்சியைப் பெற்றார்கள். விமர்சகர் சிலர் சினந்தனர். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பாஸ்லி க்ரௌதர் முதலில் படத்தை அவ்வளவாக மெச்சவில்லை. அவ்வாண்டின் முடிவில் சிறந்த பத்துப் படங்களின் பட்டியலில் அதனையும் சேர்த்தார். மக்களோ கொட்டகைகளின் வாயிலில் நீண்ட வரிசையில் நின்றனர்.

ஆனால் சைக்கோவின் வெற்றி இரகசியத்தைக் காத்ததால் மட்டும் வந்ததா? நாவலையும் படத்தையும் ஒப்பிட்டால் விடை கிடைக்கும். நாவல், வழிப்போக்கர் விடுதியை நடத்தும் நார்மன் பேட்ஸிலிருந்து தொடங்குகிறது. அவன் நடுத்தர வயதினன், பருத்த உடலினன், கண்டவுடன் ஐயம் கொள்ளத்தக்கவன். படமோ பணத்தை எடுத்துக்கொண்டு ஓடும் ஒரு பெண்ணிலிருந்து தொடங்கி, அவளுடைய அச்சத்தை நம்முடைய அச்சமாக்கிவிடுகிறது. பிறகு நாம் சந்திக்கும் நார்மன், மெலிந்த, கூச்சமுள்ள, இரக்கத்துக்குரிய இளைஞன். நாவலில் ஓரிரு வாக்கியங்களில் முடிந்துவிடும் கொலை, படத்தில் முக்கால் நிமிட நேரம் நடைபெறுகிறது. அதைப் படம்பிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. பெர்னார்ட் ஹெர்மனின் வயலின் இசை அதற்கு உயிரூட்டியது. முடிவு நாவலின் முடிவேதான். அதை நோக்கிச் செல்லும் பாதையில் நாம் யாருக்காக அஞ்சுகிறோம் என்பதே மாறிற்று. அதனால்தான் முடிவை நன்கறிந்த இன்றைய தலைமுறையும் அப்படத்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறது.

இரகசியத்தைக் காப்பதற்கு நேர் எதிரான வழியும் ஒன்று உண்டு. அது இரகசியத்தை முன்கூட்டியே உடைத்துவிடுவது. ஜேம்ஸ் கெய்ன் எழுதிய 'இரட்டை இழப்பீடு' என்னும் கதையைப் பில்லி வைல்டர் 1944இல் படமாக்கினார். கொலைகாரன் தன் குற்றத்தைத் தானே ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லுவதோடு படம் தொடங்குகிறது. குற்றவாளி யார் என்னும் கேள்வி முதல் சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிட்டது. இத்தகைய மனிதன் இந்தப் படுகுழியில் விழுந்தது எவ்வாறு என்னும் கேள்வியே படம் முழுவதும் நம்மை ஈர்க்கிறது.

ஹிட்ச்காக் இதற்கு ஒரு விளக்கம் கூறியிருக்கிறார். 1962இல் பிரெஞ்சு டைரக்டர் பிரான்ஸ்வா த்ரூஃபோ அவரோடு பல நாள் உரையாடினார்; அவ்வுரையாடல் 1966இல் நூலாயிற்று. மேசையைச் சுற்றிச் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கடியில் வெடிகுண்டு இருக்கிறது. அது இருப்பதே நமக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால் கிடைப்பது சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் நமக்கு முன்னரே தெரிந்து, மேசையில் இருப்பவர்க்குத் தெரியாவிட்டால், அவர்கள் பேசும் அற்பப் பேச்சுங்கூட நம் நெஞ்சைத் துடிக்க வைக்கும். முன்னது திகைப்பு, பின்னது பதைப்பு. திகைப்புக்கு அறியாமை வேண்டும். பதைப்புக்கு அறிவு வேண்டும்.

இக்கொள்கையை அவர் துணிந்து செயற்படுத்திய படம் 1958இல் வந்த 'வெர்ட்டிகோ'. முன்னே சொன்ன புவாலோ, நார்ஸ்ழாக் இருவரும் 1954இல் எழுதிய நாவலே அதன் மூலம். நாவல் தன் இரகசியத்தை இறுதிவரை காத்தது. ஹிட்ச்காக்கோ படத்தின் மூன்றில் இரு பங்கு கழிந்த நிலையில், ஒரு பெண் கடிதம் எழுதும் காட்சியில் அதை நமக்கு வெளியிட்டுவிட்டார். கதாநாயகனுக்கு மட்டும் தெரியாமல் வைத்தார். நாம் அறிந்ததை அவன் எப்போது அறிவான், அறிந்தால் என்ன செய்வான் என்னும் பதைப்பே எஞ்சிய பகுதியை நடத்திச் செல்கிறது. வெளியான காலத்தில் கருத்து இரு கூறாயிற்று. பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை உலகெங்கும் உள்ள விமர்சகர்களைக் கேட்டு வெளியிடும் பட்டியலில், 2012இல் இப்படமே முதலிடம் பெற்றது. 2022இல் இரண்டாம் இடத்தில் நின்றது. இரகசியத்தைத் தானே உடைத்துக்கொண்ட படம் அரை நூற்றாண்டுக்குப்பின் சிகரம் ஏறியது.

மூன்றாவது வழியொன்றை ஆசியா தந்தது. ஜப்பானிய எழுத்தாளர் ரியூனொசுக்கே அகுதாகவா 1922இல் எழுதிய சிறுகதையை முதன்மையாகக் கொண்டு அகிரா குரோசாவா 1950இல் 'ராஷோமான்' படத்தை எடுத்தார். ஒரே மரணத்தைப் பலர் பலவாறு கூறுகிறார்கள். எது உண்மை என்று தீர்ப்பளிப்பார் எவருமில்லை. சொல்லக் கூடாத முடிவு என்று எதுவும் அங்கே இல்லை. ஏனெனில் முடிவே பார்ப்பவனிடம் விடப்பட்டது. 1951இல் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவில் அது தங்கச் சிங்கப் பரிசு பெற்றது.

அப்படம் மூட்டிய பொறி தமிழ்நாட்டிலும் பற்றிற்று. இங்கே துப்பறியும் நாவல் திரைக்கு வருவது புதிதன்று. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் 'திகம்பர சாமியார்' 1950இல் படமாகி, எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் தோன்றினார். நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' 1954இல் வெற்றி கண்டது. அதே 1954இல்தான் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் ஏ.வி.எம். நிறுவனத்துக்காக 'அந்த நாள்' படத்தை இயக்கினார். 1943இல் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய காலம் கதைக்குப் பின்னணி. கொலையுண்டவன் ஒரு வானொலிப் பொறியாளன். ஐயத்துக்குரிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கதை சொல்லும் முறை ராஷோமானிலிருந்து வந்தது. ஆனால் ராஷோமான் உண்மையைச் சொல்லாமல் விட்டது. அந்த நாள் துலக்கிக் காட்டியது. அதில் ஒரு பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. வெளியான நாளில் மக்கள் அதைப் பெரிதாக வரவேற்கவில்லை. பிற்காலத்தவர் அதைத் தமிழ்ப் படங்களுள் ஒரு மைல்கல்லாகப் போற்றுகின்றனர்.

முடிவை அறிந்தபின்னும் கதை சுவைக்குமா என்னும் ஐயம் தமிழருக்குப் புதிதாகத் தோன்றவேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் முகப்பில் உள்ள பதிகத்திலேயே கோவலன் கொலையுண்பதும் கண்ணகி மதுரையை எரியூட்டுவதும் சொல்லப்பட்டுவிடுகின்றன. ஆயினும் கோவலன் சிலம்பை விற்கப் புறப்படும் இடத்தைப் படிக்கும்பொழுது, "போகாதே" என்று நம் உள்ளம் கூவுகிறது. திரௌபதி அம்மன் கோயில் விழாவில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்க்கும் முதியவளுக்குத் துச்சாதனன் என்ன செய்வான் என்பது தெரியாததா? தெரிந்துதான் ஒவ்வோர் ஆண்டும் கண்ணீர் வடிக்கிறாள். மேசைக்கடியில் குண்டு இருப்பதை அறிந்து பதைப்பதும் இதுவும் ஒரே இன்பத்தின் இரு வடிவங்கள்.

அப்படியானால் முடிவைச் சொல்லிவிடலாமா? கூடாது. முதல்முறை பார்ப்பவனுக்குரிய திகைப்பு அவனுடைய உடைமை; அதை மற்றவர் செலவழிப்பது முறையன்று. ஆனால் அந்தத் திகைப்பு ஒருமுறைதான் கிடைக்கும். அதோடு தீர்ந்துபோகும் படம் விடுகதையே அன்றிக் கலை ஆகாது. ஆகவே மாணவ நேயர்களுக்கு நான் கூற விரும்புவது இதுதான். ஒரு மர்மப் படத்தைப் பார்த்து வந்தபின் நண்பர்களோடு விவாதியுங்கள். இயன்றால் மூல நாவலையும் நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று ஆராயுங்கள். பிறகு, முடிவு தெரிந்த நிலையில் அதே படத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். முதல் காட்சியில் நாம் கவனிக்காது விட்ட ஒரு பார்வை, ஒரு தயக்கம், மேசைமேல் கிடந்த ஒரு பொருள் இப்போது பொருள் பொதிந்ததாய்த் தோன்றுமாயின், அப்படத்தை எடுத்தவர் உங்களை நேர்மையாகவே ஏமாற்றியிருக்கிறார். புத்தக உலகில் எழுத்தாளர் வாசகருக்குக் கொடுத்த பழைய வாக்குறுதி அப்படத்தில் காக்கப்பட்டிருக்கிறது. வாயிலில் காத்து நிற்பவரிடம் முடிவைச் சொல்லாமல் வரும் இரசிகன், அந்த வாக்குறுதிக்குத் தன் பங்கைச் செலுத்தியவனாகிறான்.